வெடிக்கும் ட்ரோன் பற்றிய செய்தியைத் தமிழில் எழுதுவது எப்படி

வெளிநாட்டுச் செய்தி மேசைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கையரிடம் நான் முதலில் சொல்வது, "ட்ரோன்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட வேண்டாம் என்பதுதான். வெள்ளவத்தையில் திருமண மண்டபத்துக்கு மேலே நின்று மணமக்களைப் படம் பிடிப்பதும் ட்ரோன், ஈரானில் வடிவமைக்கப்பட்டு உக்ரேனின் தலைநகரான கீவ் நகரத்து அடுக்குமாடியில் போய் வெடிப்பதும் ட்ரோன். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் வாசகரின் மனத்தில் முதலாவதன் உருவமே எழுகிறது. கையடக்கமான ஒரு கமெராக் கருவி எப்படி ஐந்து மாடிக் கட்டடத்தைச் சரித்தது என்று அவர் வியக்கிறார். அந்தக் குழப்பத்துக்குப் பொறுப்பு வாசகருடையது அல்ல, நம்முடையது. இந்த வழிகாட்டி, கொழும்பில் இருந்துகொண்டு பிறநாட்டுச் செய்தி முகவரகங்களின் பிரதியைத் தமிழாக்கும் ஒருவர் அந்த ஒரு சொல்லைச் சுற்றி எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதைப் பற்றியது.

முதலில் எந்த வகை என்று தீர்மானியுங்கள்

செய்தியில் வருவது ஏவுகணையை வீசிவிட்டுத் தளத்துக்குத் திரும்பும் விமானமா, தானே போய் வெடித்து அழியும் விமானமா என்பதே முதற்கேள்வி. அமெரிக்காவின் ரீப்பர், துருக்கியின் பைரக்டார் டி.பி.2 ஆகியவை திரும்பி வருபவை. அவற்றின் தாக்குதலை "ட்ரோன் வெடித்தது" என்று எழுதினால் அது பிழை, ஏனெனில் வெடித்தது ஏவுகணை.

தானே வெடிப்பவற்றுள் மூன்று வகையை வேறுபடுத்தினால் போதும். முதலாவது, போர்முனையில் கண்ணாடித்திரை அணிந்த இயக்குநர் கமெராவின் வழியே பார்த்துச் செலுத்தும் சிறிய ட்ரோன். இது பெரும்பாலும் சில கிலோமீற்றர் முதல் சில பத்துக் கிலோமீற்றர் வரையான தூரத்துக்குரியது. அண்மைக்காலமாக வானலைத் தடைகளால் பாதிக்கப்படாதவாறு மெல்லிய ஒளியிழை வடத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டே பறப்பனவும் வந்துவிட்டன. இரண்டாவது, இலக்கு தென்படும்வரை வானில் வட்டமிட்டுக் காத்திருப்பது. இஸ்ரேலின் ஹார்ப்பி, ஹாரொப், ரஷ்யாவின் லான்செட் ஆகியவை இந்த வகை. 2020இல் ஆர்மீனியாவுடனான நாகோர்னோ-கரபாக் போரில் அசர்பைஜான் ஹாரொப்பைப் பயன்படுத்தியபோதுதான் இந்த வகை உலகச் செய்திகளில் அடிக்கடி அடிபடத் தொடங்கியது. மூன்றாவது, முன்கூட்டியே கொடுக்கப்பட்ட ஆள்கூற்றை நோக்கி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பறந்து செல்வது. ஈரானின் ஷாஹெட்-136 இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. அதன் அடிப்படை வடிவம் வட்டமிடுவதில்லை, போகும் வழியில் எதையும் தேடுவதுமில்லை. ஆகவே ஷாஹெட்டை "சுற்றித் திரிந்து இலக்கைத் தேடித் தாக்கும்" என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

ஷாஹெட்டின் அளவுகளை வாசகர் அறிந்த பொருட்களோடு சேர்த்துச் சொல்லுங்கள். நீளம் ஏறத்தாழ 3.5 மீற்றர், இறக்கை விரிவு 2.5 மீற்றர், எடை சுமார் 200 கிலோகிராம், மூக்கில் 30 முதல் 50 கிலோகிராம் வரையான வெடிதலை, அதாவது வெடிபொருள் அடங்கிய பகுதி. ஐம்பது கிலோகிராம் என்பது நம் வீட்டு வேலைக்கு வந்திறங்கும் ஒரு சீமெந்து மூடையின் எடை என்று ஒரு தடவை எழுதிவிட்டால், அதன் பிறகு யாரும் அதைக் கமெராக் கருவியாக எண்ண மாட்டார்கள். வேகம் மணிக்கு ஏறத்தாழ 185 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர்கோட்டில் பறந்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும் வேகம் அது, ஏவுகணையோடு ஒப்பிட்டால் ஆமைநடை. பின்புறத்தில் சுழல்விசிறி பூட்டிய பெற்றோல் இயந்திரம் அதைத் தள்ளிச் செல்கிறது. அந்த இயந்திரம் ஜேர்மனியில் உருவாக்கப்பட்ட ஒன்றின் நகல். உக்ரேனியர் அதன் ஒலியைக் கேட்டு அதற்கு "மொபெட்" என்று பெயர் வைத்தார்கள்.

இதைப் படிக்கும் வன்னி வாசகருக்கு விளக்கம் தேவையில்லை. போர்க்காலத்தில் தலைக்கு மேலே இரைந்துகொண்டிருந்த ஆளில்லா வேவு விமானத்தை அங்குள்ளவர்கள் "வண்டு" என்றே அழைத்தார்கள். ஒலியைக் கேட்டுப் பெயர் வைப்பது உலகெங்கும் ஒன்றுபோலவே நடக்கிறது. ஆனால் வண்டு வேவு பார்த்தது, மொபெட் வெடிக்கிறது. சொல்நயத்துக்காக ஒன்றன் பெயரை மற்றதற்கு ஏற்றிவிடாதீர்கள்.

"தற்கொலை ட்ரோன்" என்ற சொல்லைத் தவிர்ப்பது ஏன்

ஆங்கிலப் பிரதிகளில் இந்தச் சொல் தாராளமாக வருகிறது. நான் வேலை செய்த ஒரு நாளிதழில் நானே அதைத் தலைப்பில் போட்டிருக்கிறேன். மறுநாள் காலையில் ஒப்புநோக்குநராக இருந்த வயதான ஐயா ஒருவர் தாளை மடித்துக்கொண்டு வந்து, "தம்பி, இதிலே தற்கொலை செய்தது ஆர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இந்த நாட்டுத் தமிழில் தற்கொலைத் தாக்குதல் என்பதற்குத் திட்டமான பொருள் உண்டு: தாக்குதலில் ஒரு மனிதர் தெரிந்தே தன் உயிரையும் கொடுத்தார் என்பதே அது. இயந்திரத்துக்குக் கொடுக்க உயிர் இல்லை. அதை இயக்குபவரோ எங்கோ தொலைவில் பாதுகாப்பாக அமர்ந்திருக்கிறார். இந்த ஆயுதத்தின் கவர்ச்சியே அதுதான். ஆகவே "தற்கொலை" என்ற சொல் உண்மையைத் தலைகீழாக்கிவிடுகிறது. "காமிகாசி" என்பதும் அதே குறையை உடையது, கூடவே இரண்டாம் உலகப் போரில் விமானத்தோடு போய் மோதி உயிர்விட்ட ஜப்பானிய விமானிகளையும் தேவையின்றி இழுத்துவருகிறது. "வெடிப்பு ட்ரோன்" அல்லது "ஒருவழித் தாக்குதல் ட்ரோன்" என்று எழுதலாம். இரண்டும் நீண்ட தலைப்புக்குச் சற்று இடைஞ்சல்தான், ஆனால் பொருள் சரியாக இருக்கிறது.

இதே காரணத்தால் 2009 பெப்ரவரி 20ஆம் திகதி இரவை ட்ரோன் வரலாற்றோடு கோக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். அன்று விடுதலைப் புலிகளின் இரண்டு இலகுரக விமானங்கள் கொழும்புக்கு வந்தன. ஒன்று உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் வீழ்ந்தது, மற்றது கட்டுநாயக்கவுக்கு அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. விளக்குகள் அணைக்கப்பட்ட நகரத்தின் மேலே விமான எதிர்ப்புச் சுடுகலன்களின் ஒளிக்கோடுகளைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். மலிவான சிறு விமானத்தை நகரத்துக்கு எதிராகப் பயன்படுத்துவது என்ற அளவில் ஒற்றுமை தெரியலாம். ஆனால் அவற்றில் விமானிகள் இருந்தார்கள், அந்த வேறுபாட்டை ஓர் உவமைக்காக அழிக்க முடியாது.

பெயர் எழுத்திலும் ஒரு பொறி இருக்கிறது. "ஷாஹெட்" என்பதற்குப் பாரசீகத்தில் சாட்சி என்று பொருள். "ஷஹீத்" என்றால் உயிர்த்தியாகி. அந்தச் சொல்லை நம் முஸ்லிம் வாசகர்கள் நன்கு அறிவார்கள். இரண்டும் ஒரே அரபு வேரிலிருந்து வந்தவை என்றாலும், "ஷஹீத் ட்ரோன்" என்று எழுதினால் கருவிக்கு இல்லாத ஒரு பொருளை நாம் கொடுத்துவிடுகிறோம். ரஷ்யா தான் பயன்படுத்துபவற்றுக்கு "கெரான்-2" என்று பெயரிட்டிருக்கிறது, அது ஜெரேனியம் என்ற பூச்செடியின் பெயர். உக்ரேனில் 2022 செப்டெம்பரில் இவை முதன்முதலாகப் பயன்பட்டபோது ஈரானிலிருந்து வந்தவையாக இருந்தன. பின்னர் ரஷ்யாவின் தத்தர்ஸ்தானில் உள்ள அலபூகாவிலேயே உற்பத்தி தொடங்கிவிட்டது. எனவே இன்றைய தாக்குதல் ஒன்றைப் பற்றி எழுதும்போது "ஈரானிய ட்ரோன்" என்பதைவிட "ஈரானிய வடிவமைப்பைக் கொண்ட, ரஷ்யாவில் தயாரிக்கப்பட்ட ட்ரோன்" என்பதே பொருத்தமாக இருக்கும்.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். செங்கடல் செய்திகளில் வரும் "கடல் ட்ரோன்" பறப்பதில்லை. 2024 ஜூனில் டியூட்டர் என்ற சரக்குக் கப்பலைத் தாக்கியது வெடிபொருள் ஏற்றிய ஆளில்லாப் படகு. அதை "ஆளில்லா வெடிபடகு" என்று எழுதினால் நம் வாசகருக்கு உடனே விளங்கும்.

மலிவு என்றால் எவ்வளவு மலிவு

இந்தச் செய்திகளில் மிக அதிகமாக ஏமாற்றும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். ஷாஹெட் ஒன்றின் விலை 20,000 முதல் 50,000 டொலர் என்ற மதிப்பீடு எல்லாக் கட்டுரைகளிலும் சுற்றிவருகிறது. அதற்குப் பக்கத்திலேயே, அதைச் சுட்டு வீழ்த்தும் பேட்ரியட் ஏவுகணையின் விலை ஏறத்தாழ 40 இலட்சம் டொலர் என்று போட்டு, மலிவான ஆயுதம் விலை உயர்ந்த ஆயுதத்தை வென்றுவிட்டது என்று முடித்துவிடுவார்கள். கணக்கு அவ்வளவு எளிதல்ல.

முதலாவதாக, அந்த 20,000 டொலர் யார் யாருக்குக் கொடுத்த விலை என்று கேளுங்கள். அது பெரும்பாலும் உற்பத்திச் செலவு பற்றிய வெளியாரின் ஊகம். 2024இல் கசிந்ததாக வெளியான ஆவணங்களின்படி, 6,000 ட்ரோன்களுக்கான உடன்படிக்கையில் ரஷ்யா ஒன்றுக்கு ஏறத்தாழ 193,000 டொலர் கொடுக்க இணங்கியிருந்தது. உற்பத்திச் செலவுக்கும் விற்பனை விலைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கும் என்பதைக் காட்ட இது ஒன்றே போதும். அமெரிக்கா ஷாஹெட்டைப் பார்த்து உருவாக்கிய லூக்கஸ் என்ற ட்ரோனுக்கு ஏறத்தாழ 35,000 டொலர் என்று சொல்லப்படுகிறது. டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் அது ஒரு கோடியே ஐந்து இலட்சம் ரூபா, கொழும்பு வாகனச் சந்தையில் ஒரு நடுத்தரக் காருக்குக் கேட்கும் தொகை. வாசகருக்கு ரூபாயிலும் ஒரு தடவை சொல்லுங்கள். மலிவு என்பது இராணுவங்களின் அளவுகோலில் மலிவு என்பது அப்போது விளங்கும்.

இரண்டாவதாக, அந்த ட்ரோனை உண்மையில் எதனால் வீழ்த்தினார்கள் என்று பாருங்கள். உக்ரேனில் பேட்ரியட் ஏவுகணைகள் முதன்மையாகப் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்காகப் பாதுகாத்து வைக்கப்படுகின்றன. ட்ரோன்களை வாகனத்தில் ஏற்றிய இயந்திரத் துப்பாக்கிகளாலும், வழிகாட்டும் சமிக்ஞையைக் குழப்பும் மின்னணுத் தடைகளாலும், இப்போது இடைமறிக்கும் சிறு ட்ரோன்களாலும் வீழ்த்துகிறார்கள். தாக்குதல் நடந்த இரவில் பேட்ரியட் பயன்பட்டதாகச் செய்தியில் இல்லையென்றால், அதன் விலையை ஒப்பீட்டுக்குக் கொண்டுவருவது நியாயமல்ல.

மூன்றாவது கேள்வியை எழுப்புபவர்கள் மிகக் குறைவு: வீழ்த்தாமல் விட்டிருந்தால் எதை இழந்திருப்பார்கள்? 2019 செப்டெம்பர் 14இல் சவூதியின் அப்காய்க், குரைஸ் எண்ணெய் நிலையங்கள் தாக்கப்பட்டபோது நாளொன்றுக்கு 57 இலட்சம் பீப்பாய் உற்பத்தி நின்றுபோனது. அது அந்த நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி. அத்தகைய இழப்பின் பக்கத்தில் வைத்தால் 40 இலட்சம் டொலர் ஏவுகணையும் மலிவுதான்.

அந்தச் செய்தி வந்த நாளில் ஒரு சிறு வேடிக்கையும் நடந்தது. "கிழக்கு மாகாணத்தில் ட்ரோன் தாக்குதல்" என்று இணையத்தில் ஒரு வரி போட்டுவிட்டார்கள். சவூதியின் அந்தப் பகுதிக்கும் கிழக்கு மாகாணம் என்றே பெயர். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்து ஐந்து மாதங்கூட ஆகவில்லை. மட்டக்களப்பிலிருந்தும் கல்முனையிலிருந்தும் தொலைபேசி அழைப்புகள் ஓயவில்லை. அழைத்தவர்களுள் சிலரின் பிள்ளைகள் உண்மையிலேயே சவூதியின் கிழக்கு மாகாணத்தில் வேலை பார்த்தார்கள் என்பதால், திருத்தம் போட்ட பிறகும் அழைப்புகள் தொடர்ந்தன. நாட்டின் பெயரைத் தலைப்பிலேயே எழுதுங்கள்.

யார் ஏவினார்கள், எது விழுந்தது

அப்காய்க் தாக்குதலுக்கு யேமனின் ஆயுதக் குழுவான ஹூதிகள் உடனே உரிமை கோரினார்கள். அமெரிக்காவும் சவூதியும் ஈரானைக் குற்றஞ்சாட்டின, ஈரான் மறுத்தது. பின்னர் ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு, ஏவியவர்கள் ஹூதிகள் அல்லர் என்ற முடிவுக்கு வந்தது. உரிமை கோரல் ஒரு கூற்று, அதுவே சான்றாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. "ஹூதிகள் தாக்கினர்" என்றும் "தாக்கியதாக ஹூதிகள் அறிவித்தனர்" என்றும் எழுதுவதற்கு இடையே ஒரு சொல்லின் வேறுபாடுதான் உண்டு. அந்த ஒரு சொல்லுக்கு எப்போதும் இடம் ஒதுக்குங்கள்.

வெற்றி பற்றிய எண்ணிக்கைகளையும் அவ்வாறே நடத்த வேண்டும். 2025 ஜூன் 1இல் உக்ரேன் லொறிகளுக்குள் மறைத்துக் கொண்டுபோன 117 சிறு ட்ரோன்களால் ரஷ்யாவின் உட்பகுதி விமானத்தளங்களைத் தாக்கியது. 41 விமானங்களைத் தாக்கியதாக உக்ரேன் கூறியது. தாக்கப்பட்டவை ஏறத்தாழ 20, அவற்றுள் முற்றாக அழிந்தவை ஏறத்தாழ 10 என்பது அமெரிக்க அதிகாரிகளின் மதிப்பீடு. "தாக்கப்பட்டது", "சேதமடைந்தது", "அழிந்தது" ஆகிய மூன்றையும் நம் பிரதிகளில் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் போடும் வழக்கம் உண்டு. இங்கே அந்த மூன்று சொற்களுக்கிடையில் முப்பது விமானங்கள் இருக்கின்றன.

கட்டடம் சேதமடைந்தது என்றால், சேதப்படுத்தியது எது என்பதும் உடனே தெரிந்துவிடுவதில்லை. 2025 செப்டெம்பரில் ரஷ்ய ட்ரோன்கள் போலந்தின் வான்பரப்புக்குள் நுழைந்த இரவில் வைரிக்கி என்ற கிராமத்தில் ஒரு வீட்டின் கூரை பிய்ந்தது. பல ஊடகங்கள் அதை ட்ரோன் தாக்குதலின் படமாக வெளியிட்டன. சில நாட்களின் பின், ட்ரோனை வீழ்த்த முயன்ற போலந்துத் தரப்பு விமானத்தின் ஏவுகணையே அங்கு விழுந்திருக்கலாம் என்று அந்த நாட்டு நாளேடு வெளிப்படுத்தியது. அமைச்சர் ஒருவரும் அதையே கூறினார். முதல்நாள் பிரதியில் "ட்ரோன்கள் நுழைந்த வேளையில் சேதமடைந்த வீடு" என்று மட்டும் எழுதியவர்கள் திருத்தம் போட வேண்டியிருக்கவில்லை.

ஓர் இரவை எண்ணிப் பார்ப்போம்

மேலே சொன்னவற்றை ஒரே செய்தியில் பொருத்திப் பார்க்க 2025 செப்டெம்பர் 7ஆம் திகதி அதிகாலை பொருத்தமானது. அந்த இரவில் ரஷ்யா 810 ட்ரோன்களையும் 13 ஏவுகணைகளையும் ஏவியதாகவும், 747 ட்ரோன்களும் 4 ஏவுகணைகளும் செயலிழக்கச் செய்யப்பட்டதாகவும் உக்ரேன் விமானப்படை அறிவித்தது.

"810 வெடிப்பு ட்ரோன்கள்" என்று எழுதக் கூடாது. அந்த எண்ணிக்கையில் ஏமாற்று ட்ரோன்களும் அடங்கும்: எதிரியின் ராடாரையும் ஏவுகணைகளையும் வீணடிப்பதற்காக அனுப்பப்படும் கெர்பெரா போன்ற மலிவான போலிகள் அவை. அதுபோல "747 சுட்டு வீழ்த்தப்பட்டன" என்பதும் பிழை, ஏனெனில் மின்னணுத் தடையால் வழிதவறி ராடாரிலிருந்து மறைந்தவற்றையும் உக்ரேன் அதே கணக்கில் சேர்க்கிறது. "சுட்டு வீழ்த்தப்பட்டன அல்லது செயலிழக்கச் செய்யப்பட்டன" என்பதே சரியான தமிழாக்கம். 747ஐ 810ஆல் வகுத்தால் 92 சதவீதம். அந்தச் சதவீதத்தை மட்டும் தலைப்பில் போட்டால் அது வெற்றிச் செய்தி. அதே அறிவிப்பில் 56 ட்ரோன்களும் 9 ஏவுகணைகளும் 37 இடங்களைத் தாக்கியதாகவும், 8 இடங்களில் சிதைவுகள் விழுந்ததாகவும் இருந்தது. 747ஐயும் 56ஐயும் கூட்டினால் 803 வருகிறது, மீதி ஏழு பற்றி அறிவிப்பில் எதுவும் இல்லை. அந்த ஏழையும் நீங்களாக எங்கும் சேர்க்க வேண்டாம். என்னுடைய தெரிவு, 37 இடங்களைத் தலைப்பிலும் 92 சதவீதத்தை உள்ளேயும் வைப்பது. மாற்றி வைப்பதற்கும் நியாயம் சொல்லலாம், ஆனால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதுவதற்கு நியாயம் இல்லை.

அன்று கீவில் அமைச்சரவைக் கட்டடம் தீப்பற்றியது. போர் தொடங்கிய பின் அந்தக் கட்டடம் தாக்கப்பட்டது அதுவே முதன்முறை. 800க்கு மேற்பட்ட ட்ரோன்கள் வந்த இரவு என்பதால் முதல் பிரதிகள் சிலவற்றில் "ட்ரோன் தாக்குதலில் அமைச்சரவைக் கட்டடம் தீப்பற்றியது" என்று வந்தது. அதைத் தாக்கியது ரஷ்யாவின் இஸ்கந்தர் ஏவுகணை என்றும், அதன் வெடிதலை முழுமையாக வெடிக்கவில்லை என்றும் உக்ரேனிய அதிகாரிகள் பின்னர் கூறினார்கள்.

நேரக் கணக்கையும் கவனிக்க வேண்டும். கோடைகாலத்தில் கீவ் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் மூன்றரை. அங்கே இரவு பதினொரு மணிக்குத் தொடங்கும் தாக்குதல் இங்கே மறுநாள் அதிகாலை. 2024 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் ஈரான் இஸ்ரேலை நோக்கி ஏறத்தாழ 170 ட்ரோன்களை ஏவியபோது, அவை மணிக்கணக்காகப் பறந்துகொண்டிருக்க, பின்னர் ஏவப்பட்ட பாலிஸ்டிக் ஏவுகணைகள் சில நிமிடங்களில் போய்ச் சேர்ந்தன. ஏவிய திகதி ஒன்றாகவும் தாக்கிய திகதி மற்றொன்றாகவும் இருந்ததால், ஒரே நிகழ்வு எங்கள் பக்கத்தில் 13ஆம் திகதி என்றும் 14ஆம் திகதி என்றும் இரண்டு தாக்குதல்களாக வந்துவிட்டது. ஏவிய நேரம், தாக்கிய நேரம் இரண்டையும் அந்த நாட்டு நேரப்படி எழுதி, தேவையானால் இலங்கை நேரத்தை ஒரு தடவை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.